பழைய ஹெரால்டின் கிளட்ச் சிலிண்டர்கள்: முதல் முறை பிரிப்பவருக்கு

காலையில் ஷெட்டிலிருந்து வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ரிவர்ஸ் கியர் கர்ரென்று கத்துகிறதா? கியர்பாக்ஸைத் திட்டுவதற்கு முன் பானெட்டைத் தூக்கி, கிளட்ச் மாஸ்டரின் (மிதித்தால் திரவத்தைக் கீழே தள்ளும் மேல் சிலிண்டர்) டப்பா மூடியைத் திறந்து பாருங்கள். திரவ அளவு இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. அளவு இறங்காமலே மிதி மட்டும் மெல்லத் தரைக்குப் போகிறதென்றால் ஒழுக்கு உள்ளுக்குள்ளேயே நடக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: பிரித்து, பார்த்து, ரப்பர் மாற்றி, மாட்டுவது.

என்னிடம் இருப்பது நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். ஹெரால்டு 1961 முதல் சென்னையில் ஓடத் தொடங்கிய வண்டி. வண்டலூர்ப் பக்கம் செய்தார்கள். நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் வந்தது. குன்னூரில் இதை வைத்துக்கொண்டு பதினைந்து வருடமாகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிவந்தால் 14 கொண்டை ஊசி வளைவு, ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் 36. வளைவுக்கு வளைவு கிளட்ச் மிதிக்க வேண்டும் என்பதால் சமவெளியில் ஐந்து வருடம் தாங்கும் ரப்பர் இங்கே மூன்று வருடத்தில் களைத்துவிடுகிறது. மிதிப்பதை விடவும் பெரிய காரணம் ஈரம். அதைப் பிறகு சொல்கிறேன்.

புதிதாகக் கை வைப்பவர்கள் ஹைட்ராலிக் வேலையைக் கிளட்ச்சில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. ஹெரால்டில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் தனித்தனி மாஸ்டர், தனித்தனி டப்பா. கிளட்ச்சில் நீங்கள் தப்பு செய்தால் கியர் விழாது, வண்டி வீட்டிலேயே நிற்கும். பிரேக்கில் தப்பு செய்தால் என்ன ஆகும் என்று பர்லியார் இறக்கத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். இரண்டு மாஸ்டரும் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பார்க்கவும் ஒரே ஜாடை. எது கிளட்ச் மிதியோடு சேர்ந்திருக்கிறது என்று உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டே ஸ்பேனரை எடுங்கள்.

ஆயில் இல்லாத ஆயில்

நம் ஊரில் இதற்குப் பெயர் பிரேக் ஆயில். கிளட்ச்சுக்கும் அதுவேதான். ஆனால் அதில் ஆயிலே கிடையாது; கிளைக்கால் வகை திரவம் அது. இந்தப் பெயரால் எத்தனை வண்டி கெட்டிருக்கிறதோ தெரியாது, என் வண்டி கெட்டது. நான் வாங்குவதற்கு முன்பு யாரோ ஒருவர் ‘ஆயில் குறைந்திருக்கிறதே’ என்று இன்ஜின் ஆயிலை ஊற்றியிருந்தார். ஹெரால்டு காலத்துக் கர்லிங் கம்பெனி சிலிண்டர்களில் இருப்பது இயற்கை ரப்பர். இன்ஜின் ஆயில், பெட்ரோல், மண்ணெண்ணெய் எது பட்டாலும் அது ஊறிய அப்பளம் மாதிரி உப்பிவிடும். நான் பிரித்தபோது பக்கெட் வாஷர் (கிண்ணம் மாதிரி இருக்கும் ரப்பர்) சிலிண்டர் துளையைவிடப் பெரிதாகி, குறட்டால் இழுத்தால்தான் வந்தது.

ஆகவே டாட் 3 அல்லது டாட் 4, மூடி உடைக்காத புது டப்பா. டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, டாட் 4 என்றால் 230. தண்ணீர் ஏறிவிட்டால் அதே திரவம் 140க்கும் 155க்கும் இறங்கிவிடும். ஏனென்றால் இது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். குன்னூரில் வடகிழக்குப் பருவமழை நாட்களில் துணியே நான்கு நாள் காயாது, இது சும்மா இருக்குமா? குடித்த தண்ணீர் எல்லாவற்றுக்கும் கீழே இருந்து கிளட்ச்சை விடுவிக்கும் லோயர் சிலிண்டரில் போய்த் தங்கி, துளையின் அடிப்பக்கத்தை அரிக்கும். மலை வண்டிகளில் முதலில் ஒழுகுவது லோயர்தான். சிலிகான் வகையான டாட் 5 தண்ணீர் குடிக்காது என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பழைய திரவத்தோடு அதைக் கலக்கக் கூடாது, முழுக்கக் கழுவி எடுக்காமல் மாற்றவும் கூடாது. முதல் முறை செய்பவருக்கு அந்த வம்பு வேண்டாம்.

கிட் வாங்கும் முன்

எல்லோரும் செய்யும் தவறு, முதலில் ரப்பர் கிட் வாங்குவது. பிறகு பிரித்துப் பார்த்தால் துளை முழுக்கக் குழி. குழி விழுந்த துளையில் புது ரப்பர் போடுவது, ஓட்டைக் குடத்துக்குப் புது மூடி போடுவது மாதிரி. ஒரு மாதம் நன்றாக இருக்கும், அப்புறம் பழைய கதை. முதலில் பிரியுங்கள், துளையைப் பாருங்கள், பிறகு பணம் எடுங்கள்.

வாங்கும்போது சிலிண்டர் உடம்பில் வார்த்திருக்கும் அளவைக் குறித்துக்கொண்டு போங்கள். இவை அங்குல அளவுகள். 5/8 என்றால் 15.87 மில்லிமீட்டர், 3/4 என்றால் 19.05, 7/8 என்றால் 22.2. கடையில் ‘இதுவும் கிட்டத்தட்ட அதுதான் சார்’ என்பார்கள். ரப்பரில் கிட்டத்தட்ட என்பதே கிடையாது. பழைய ரப்பரையும் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போங்கள், உப்பிய ரப்பரை அளந்து வாங்காதீர்கள். சென்னையில் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு பக்கம் தேடினால் கிடைக்கும். நான் வழக்கமாகக் கோவைக்கு இறங்கி உக்கடத்தில் தேடுவேன். கிடைக்காவிட்டாலும் சாப்பாடாவது நன்றாக இருக்கும்.

ஸ்பேனரும் அப்படித்தான். பைப் நட்டுகள் பெரும்பாலும் 7/16 அங்குலம். 11 மில்லிமீட்டர் ஸ்பேனர் போகும் போலிருக்கும், போகாது. 12 போட்டால் முனை உருண்டுவிடும். ரிங் ஸ்பேனரில் ஒரு வாய் வெட்டியது மாதிரி பைப் நட்டுக்கென்றே ஒன்று விற்கிறது, அது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே சுத்தமான துணி. பனியன் வேஸ்ட் வெளியே துடைக்க நல்லது, உள்ளே கூடாது. அதிலிருந்து உதிரும் ஒரு நூல் வால்வில் மாட்டினால் போதும், மறுபடி முதலிலிருந்து.

கழற்றுதல்

ஹெரால்டின் பானெட் மொத்தமாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டு வேலை செய்யலாம் என்பது இந்த வண்டி தரும் பெரிய வரம். அந்த வரம் மாஸ்டரோடு முடிந்துவிடும்.

மருந்துக் கடையில் வாங்கிய பெரிய சிரிஞ்சால் டப்பாவிலுள்ள பழைய திரவத்தை உறிஞ்சி எடுங்கள். பெயிண்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் தோல் உரிந்துவிடும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு, விழுந்த உடனே கழுவிவிடுங்கள். இது தண்ணீரில் கரையும், துணியால் தேய்ப்பதைவிட ஊற்றிக் கழுவுவதே மேல். பிறகு டிரைவர் சீட்டில் தலைகீழாகப் படுத்து, டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, மிதியையும் மாஸ்டரைத் தள்ளும் தண்டையும் சேர்க்கும் பின்னின் காட்டர் பின்னை உருவ வேண்டும். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் இதைச் சாப்பிட்டவுடன் செய்யாதீர்கள். தரைவிரிப்பு ஈரமாக, மிதித் தண்டு பெயிண்ட் உரிந்து இருந்தால் மாஸ்டரின் பின்வாஷர் போய்விட்டது என்று அங்கேயே தெரிந்துவிடும். பைப் நட்டைக் கழற்றி, மாஸ்டரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் எடுத்தால் கையோடு வரும். பைப் வாயில் ஒரு பிளாஸ்டிக் தொப்பி மாட்டிவிடுங்கள்.

லோயருக்குக் காருக்குள் போக வேண்டும். தரைவிரிப்பைத் தூக்கி, கியர்பாக்ஸை மூடியிருக்கும் டனல் மூடியின் திருகுகளைக் கழற்றினால் கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கும் அதில் செருகியிருக்கும் சிலிண்டரும் தெரியும். ரப்பர் ஹோஸைக் கழற்றும்போது ஹோஸின் அறுகோணத்தை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்து, பைப் நட்டை மட்டும் திருப்புங்கள். ஹோஸை முறுக்கினால் உள்ளே கிழிந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே உப்பிப்போன ஹோஸ் இன்னொரு வித்தை காட்டும்: மிதித்தால் கிளட்ச் விடும், காலை எடுத்தால் உடனே பிடிக்காது. ஹோஸின் வயது தெரியவில்லையென்றால் அதையும் மாற்றிவிடுங்கள்.

பிரித்தல்

ஒரு பழைய பால்சட்டியோ பேக்கிங் தட்டோ எடுத்து, வெள்ளைத் துணி விரித்து, வரும் வரிசையிலேயே உதிரிகளை வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் போனில் ஒரு படம்.

லோயர் எளிது. தூசி உறை, லாக் வளையம் இருந்தால் அது, பிஸ்டன், பக்கெட், ஸ்பிரிங். பிஸ்டன் வர மறுத்தால் ஹோஸ் வரும் துளையில் சைக்கிள் பம்பை வைத்து மெதுவாக அடியுங்கள். சிலிண்டரின் வாயை ஒரு தடித்த துணியால் மூடிக்கொண்டு செய்ய வேண்டும். கம்ப்ரசர் காற்று வேண்டாம். ஒரு தடவை நான் அதைப் பிடித்ததில் பிஸ்டன் தகரக் கூரையில் அடித்த அடி இன்னும் பள்ளமாக இருக்கிறது.

மாஸ்டர்தான் தலைவலி. தூசி உறைக்குள் லாக் இருக்கிறது. அதை எடுத்தால் தண்டு வரும், பின்னாலேயே பிளஞ்சரும் (மாஸ்டரின் பிஸ்டன்) அதில் மாட்டிய ஸ்பிரிங் கோவையும். பிளஞ்சரின் முனையில் ஒரு தகரத் தொப்பி, தையற்காரர் விரலில் போடும் குப்பி மாதிரி. அதன் ஓரத்தில் ஒரு சின்ன நாக்கு பிளஞ்சரின் தோளில் கவ்வியிருக்கும். ஊசி மாதிரி சின்ன ஸ்க்ரூடிரைவரால் நாக்கை இம்மி அளவு மட்டும் தூக்கினால் தொப்பி கழன்றுவிடும். நாக்கை அதிகம் வளைத்தால் ஒடிந்துபோகும், தொப்பி மட்டும் தனியாக எங்கும் கிடைக்காது. பிறகு ஸ்பிரிங்கை விரலால் அழுத்தி, வால்வுத் தண்டைத் தொப்பியின் நீள்துளை வழியாக ஒரு பக்கமாக நகர்த்தி விடுவித்தால் மிச்சமெல்லாம் பிரிந்து வரும்: ஸ்பிரிங், காலுள்ள ஒரு ஸ்பேசர், குழிந்த ஒரு வாஷர், தண்டின் தலையில் ஒரு சின்ன ரப்பர்.

இந்தச் சின்ன ரப்பரின் வேலையைப் புரிந்துகொண்டால் பாதி கோளாறுகளை வண்டியில் உட்கார்ந்தபடியே கண்டுபிடிக்கலாம். மிதியை விட்டிருக்கும்போது பிளஞ்சர் பின்னால் போய்த் தண்டை இழுத்து வைத்திருக்கும். டப்பாவுக்குப் போகும் வழி திறந்திருக்கும். மிதித்தவுடன் ரப்பர் போய் வழியை அடைத்துவிடும், திரவத்துக்குக் கீழே போவதைத் தவிர வேறு வழியில்லை. ரப்பர் சரியாக அடைக்கவில்லையென்றால் திரவம் டப்பாவுக்கே திரும்பிவிடும். அளவு குறையாமல் மிதி மட்டும் இறங்குவது அதனால்தான். இதற்கு நேர் மாறாக, மிதி முழுதும் பின்னால் வரவில்லையென்றால் வழி திறக்கவே திறக்காது. ஏற்றத்தில் கிளட்ச் நழுவும். அதனால்தான் தண்டுக்கும் பிளஞ்சருக்கும் இடையே சின்னதாக ஒரு ஆட்டம் கட்டாயம் வேண்டும்.

இப்போது துளை. சுத்தமான பிரேக் திரவத்தாலோ ஸ்பிரிட்டாலோ கழுவி, துடைத்து, பின்பக்கம் வெள்ளைத் தாள் வைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்புக் கறை மட்டும் என்றால் 1000 எண் உப்புத்தாளைத் திரவத்தில் நனைத்து வட்டமாகத் தேய்த்தால் போய்விடும், நீளவாக்கில் தேய்க்காதீர்கள். கறையா குழியா என்று சந்தேகம் வந்தால் ஒரு மெல்லிய குச்சியின் முனையைக் கூராக்கி உள்ளே இழுத்துப் பாருங்கள். எங்காவது தட்டினால் அது குழி. தேய்த்துத் தேய்த்துக் குழியைப் போக்கினால் துளை பெரிதாகிவிடும், ரப்பர் பிடிக்காது. அப்போது லேத் பட்டறைதான். துளையைப் பெரிதாக்கி, துருப்பிடிக்காத எஃகிலோ பித்தளையிலோ ஸ்லீவ் (மெல்லிய உள்குழாய்) இறக்கி, மறுபடி பழைய அளவுக்கே கடைந்து தருவார்கள். பழைய அளவை எழுதிக் கொடுங்கள். ஸ்லீவ் மூடிய பக்கத் துளையைத் திறந்து, அதன் உள்விளிம்பில் பிசிறு எடுக்கச் சொல்ல மறக்காதீர்கள். அந்தப் பிசிறு புது ரப்பரை முதல் மிதியிலேயே சீவிவிடும்.

மாட்டுதல்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உட்காருங்கள். புது ரப்பர்களைப் புதுத் திரவத்தில் நனைத்து, அல்லது இதற்கென்றே விற்கும் சிவப்பு ரப்பர் கிரீஸ் தடவி மாட்ட வேண்டும். வழக்கமான கிரீஸ் கூடாது.

மாஸ்டரின் வரிசை: சின்ன ரப்பரின் தட்டையான பக்கம் வால்வுத் தண்டின் தலையில் ஒட்டி உட்கார வேண்டும். அடுத்து குழிந்த வாஷர், அதன் புடைத்த பக்கம் தலையின் அடியைப் பார்த்து. அதற்கு மேல் ஸ்பேசர், கால்கள் ரப்பரைப் பார்த்து. அப்புறம் ஸ்பிரிங், தொப்பி. தொப்பியை அழுத்தி, தண்டை நீள்துளை வழியாக நுழைத்து நடுவில் நிறுத்துங்கள். பிளஞ்சருக்குப் புது வாஷர், தட்டைப் பக்கம் பிளஞ்சரின் முகத்தோடு. பிளஞ்சரைத் தொப்பிக்குள் செருகி, நாக்கைச் சிறிய குறட்டால் மெல்ல அழுத்திவிட்டால் சரி.

முதல் முறை நான் குழிந்த வாஷரைத் திருப்பிப் போட்டுவிட்டேன். மாலை நான்கு மணிக்குத் தொடங்கி, அக்கா மகன் மிதிக்க மிதிக்க, மூன்று டப்பா திரவம் போனது. “மாமா, மிதி பஞ்சு மாதிரியே இருக்கு” என்று அவன் எட்டாவது தடவை சொன்னபோது இருட்டிவிட்டது. மறுநாள் பிரித்துப் பார்த்தேன். படம் எடுத்து வைத்திருந்தால் அந்த இரவு நன்றாகத் தூங்கியிருக்கலாம்.

லோயரில் பக்கெட்டின் உதடு திரவம் இருக்கும் பக்கம், அதாவது உள்பக்கம் பார்க்க வேண்டும். உதட்டைத் துளைக்குள் விடும்போது சுற்றிச் சுற்றி விரல் நகத்தால் உள்ளே தள்ளுங்கள். அவசரப்பட்டுக் குத்தினால் உதடு மடிந்துவிடும். வண்டியில் பொருத்தும்போது காற்றை வெளியே விடும் ஏர் நிப்பிள் மேல் பக்கம் இருக்க வேண்டும். கீழ்ப்பக்கம் வந்துவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் மேலே தங்கிய காற்று வராது.

ஏர் எடுத்தல்

ஒரு கணக்கு. 5/8 அங்குல மாஸ்டரில் பிளஞ்சர் 25 மில்லிமீட்டர் நகர்ந்தால் அது தள்ளும் திரவம் சுமார் 5 மில்லி. ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். லோயர் 7/8 என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு ஏறக்குறைய இரு மடங்கு, ஆகவே அங்கே தண்டு நகர்வது 12, 13 மில்லிமீட்டர். இந்தத் தேக்கரண்டியில் 1 மில்லி காற்று இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு நகர்வு போச்சு, ரிவர்ஸ் கத்தும். குமிழ் சின்னதுதானே என்று விட முடியாதது இதனால்தான்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். குன்னூரில் சமதளம் தேடுவதே ஒரு வேலை, என் ஷெட்டே சாய்வு. நான் நிப்பிள் பக்கம் உயரும்படி ஜாக்கியில் கொஞ்சம் தூக்கிக்கொள்வேன், சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு. நிப்பிளில் தெளிந்த பிளாஸ்டிக் குழாய் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் திரவம் உள்ள கண்ணாடி பாட்டிலில் முக்குங்கள். ஒருவர் மிதிக்க வேண்டும், ஒருவர் நிப்பிள் பார்க்க வேண்டும்.

“மிதி.”

“மிதிச்சிட்டேன் மாமா.”

நிப்பிளைக் கால் சுற்றுத் திறக்க வேண்டும். குமிழ் வரும். மிதி தரைக்குப் போனதும் நிப்பிளை மூடி, அப்புறம்தான் “விடு”. மூடுவதற்கு முன் காலை எடுத்தால் போன காற்று திரும்பி வரும். ஐந்து மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பார்த்து நிரப்புங்கள். அது காலியாகிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பாட்டிலில் விழுந்த திரவத்தை மறுபடி ஊற்ற வேண்டாம். அதை ஓடையிலோ தேயிலைத் தோட்டத்திலோ கொட்டவும் வேண்டாம், பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். துணைக்கு ஆளில்லாவிட்டால் சிரிஞ்சில் புதுத் திரவம் ஏற்றி, குழாய் வழியாக நிப்பிளிலிருந்து மேல்நோக்கி மெல்லத் தள்ளலாம். காற்றுக்கு மேலே போவது பிடித்த வேலை. டப்பா வழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பெயிண்ட் ஞாபகம் இருக்கட்டும்.

குமிழ் நின்று, மிதி மேலேயே கல் மாதிரி நின்றால் டனல் மூடியைப் போடும் முன் லோயர் தண்டு நகர்வதை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். என் வண்டியில் 12 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மறுபடி ஏர் எடுப்பேன். இன்ஜினை ஓட விட்டு, மிதித்து மூன்று எண்ணி ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழ வேண்டும்.

உடனே காட் ரோட்டில் இறங்கிவிடாதீர்கள். முதல் நாள் பக்கத்து வெலிங்டன் வரை போய் வந்தால் போதும். இரவு முழுக்க வண்டி நிற்கட்டும். மறுநாள் காலை லோயரின் தூசி உறையை விரலால் தூக்கிப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் டனல் மூடியின் திருகுகளை முடுக்கலாம்.